விலை பெரிய எழுத்தில்... விவரம் எங்கே?

தீபாவளி நெருங்கினால் நாளிதழின் முதல் பக்கத்தை லேப்டாப் விளம்பரங்கள் பிடித்துக்கொள்கின்றன. விலை கொட்டை எழுத்தில் இருக்கும். அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு வரிசை: இத்தனை ஜி.பி. ரேம், இத்தனை ஜி.பி. எஸ்.எஸ்.டி., விண்டோஸ் 11, கடைசியாக ‘எம்.எஸ். ஆபீஸ் லைஃப்டைம்’. மகளின் கல்லூரிப் படிப்புக்காகக் கடன் வாங்கி லேப்டாப் எடுக்கப்போகும் அப்பாவுக்கு அந்தக் கடைசி வரி பெரிய ஆறுதல். வேர்டு, எக்ஸெல் எல்லாம் சேர்ந்தே வந்துவிடுகிறது, இனி அதற்கென்று தனிச் செலவு கிடையாது என்று கணக்குப் போட்டுக்கொள்கிறார்.

அந்த ஒரு வரியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். லைஃப்டைம் என்றால் அந்த லேப்டாப் ஓடும் வரைக்கும். மெஷின் போனால் ஆபீஸும் சேர்ந்து போய்விடும். அடுத்து வாங்கும் லேப்டாப்புக்கு அதை மாற்ற முடியாது. சில ஆண்டுகளாக லேப்டாப்களோடு இப்படிச் சேர்த்துத் தரப்பட்டது ‘ஆபீஸ் ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் 2021’. அதில் வேர்டு, எக்ஸெல், பவர்பாயின்ட் உண்டு, அவுட்லுக் கிடையாது. வீட்டு உபயோகத்துக்கும் படிப்புக்கும் மட்டுமே அதன் உரிமம் இடம் தருகிறது. மகள் தூங்கிய பிறகு அதே லேப்டாப்பில் அப்பா தன் கடைக்கு ஒரு கொட்டேஷன் அடித்தால், அது உரிம மீறல். பாதுகாப்பு அப்டேட்களோ 2026 அக்டோபர் 13 வரைக்கும்தான். அதற்குப் பிறகும் ஆபீஸ் ஓடும். ஆனால், வைரஸ் நுழைய ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைத்துத் தரும் பொறுப்பு யாருக்கும் இல்லை. 2021-ல் வெளியான பொருளுக்குத் தயாரித்த நிறுவனமே குறித்துவைத்த பராமரிப்புக் காலம் 5 ஆண்டு. விளம்பரம் அதை ‘ஆயுள் முழுக்க’ என்று விற்றது.

விளம்பரத்தில் இருந்த எந்தச் சொல்லையும் பொய் என்று நிரூபிக்க முடியாது. சாஃப்ட்வேர் விற்பனையின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. விலையைச் சரியாகத்தான் சொல்கிறார்கள். அந்த விலைக்கு என்ன கிடைக்கும், எவ்வளவு காலத்துக்குக் கிடைக்கும், அடுத்த ஆண்டு எவ்வளவு கேட்பார்கள், வேண்டாம் என்றால் எப்படி வெளியே வருவது என்பதையெல்லாம் பணம் கட்டிய பிறகு நாமே தெரிந்துகொள்ள வேண்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

பெட்டிக்கடையில் தொங்கும் 5 ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். நிகர எடை, எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், தயாரித்தவரின் முகவரி, புகாருக்கு அழைக்க வேண்டிய எண் எல்லாம் இருக்கும். எடையளவுச் சட்டத்தின் கீழ் 2011-ல் வந்த பொட்டலப் பொருள் விதிகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. இருபதாயிரம் ரூபாய் சாஃப்ட்வேரை இணையத்தில் வாங்குபவருக்கு இப்படி ஒரு முதுகுப்பக்கமே கிடையாது. ‘ஏற்கிறேன்’ என்று ஒரு கட்டம் மட்டும் இருக்கும். அதற்குப் பின்னால் பல பக்க ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கும்.

இலவசம் என்ற விளம்பரம்

அமெரிக்காவில் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய ‘டர்போடாக்ஸ்’ என்ற சாஃப்ட்வேர் பிரபலம். இன்ட்யூட் நிறுவனத்துடையது. அதன் டி.வி. விளம்பரங்களில் ஏலம் விடுபவர் முதல் உடற்பயிற்சி வகுப்பு நடத்துபவர் வரை எல்லோரும் ‘இலவசம், இலவசம், இலவசம்’ என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். வேறு வசனமே கிடையாது. எளிமையான கணக்கு உள்ளவர்களுக்கு மட்டுமே அந்த இலவசம் என்ற விவரம் கடைசி நொடிகளில் பொடி எழுத்தாக வந்து போகும்.

இதை நம்பி உள்ளே போகிறவர் பெயர், சம்பளம், வங்கி வட்டி என்று ஒவ்வொன்றாக நிரப்புகிறார். ஒரு மணி நேரம் போய்விடுகிறது. பாதிக்கு மேல் முடித்த பிறகுதான், ‘உங்கள் கணக்குக்கு இலவசப் பதிப்பு பொருந்தாது, பணம் கட்டுங்கள்’ என்று திரை சொல்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறு இடம் தேடிப் போகிறவர் எத்தனை பேர் இருப்பார்கள்? உழைப்பைப் போட்டுவிட்டோமே என்று பெரும்பாலும் கட்டிவிடுவார்கள். 2020-ல் வரி தாக்கல் செய்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு அந்த இலவசப் பதிப்பைப் பயன்படுத்தத் தகுதியே இல்லை என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேடு கமிஷன் கணக்குக் காட்டியது.

2022 மே மாதம் 50 மாகாணங்களோடும் தலைநகர் வாஷிங்டனோடும் செய்துகொண்ட சமரசத்தில், சுமார் 44 லட்சம் பேருக்குத் திருப்பித் தர 14.1 கோடி டாலர் கொடுக்க இன்ட்யூட் ஒப்புக்கொண்டது. தலைக்கு ஏறக்குறைய 30 டாலர். 2024 ஜனவரியில் கமிஷன் தனியாக ஓர் உத்தரவு போட்டது. எல்லோருக்கும் இலவசமாக இருந்தால் இலவசம் என்று விளம்பரம் செய்யலாம். இல்லாவிட்டால், எத்தனை பேருக்கு அது பொருந்தும் என்பதை அதே விளம்பரத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. வழக்கின் போக்கு எதுவானாலும், அந்த உத்தரவில் இருந்த கருத்து எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. யாருக்கு என்பதைச் சொல்லாமல் விலையை மட்டும் சொல்லக் கூடாது.

வெளியே வரவும் கட்டணம்

போட்டோஷாப் தெரியாத ஸ்டூடியோ தமிழ்நாட்டில் இருக்காது. கல்யாண ஆல்பம் முதல் ஃபிளெக்ஸ் பேனர் வரை அதில்தான் ஓடுகிறது. அதைத் தயாரிக்கும் அடோபி நிறுவனம், முன்பு ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் முறையில் விற்றது. 2013-ல் அந்த வழியை மூடுவதாக அறிவித்தது. அதன் பிறகு வந்த பதிப்புகள் எல்லாம் சந்தாவுக்குத்தான்.

சந்தா முறையே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். கையில் மொத்தமாகப் பணம் இல்லாத இளம் டிசைனருக்கு மாதம் கொஞ்சமாகக் கட்டுவது வசதிதான். சிக்கல், அந்தச் சந்தாவை எப்படிக் காட்டி விற்றார்கள் என்பதில். 2024 ஜூன் 17 அன்று ஃபெடரல் டிரேடு கமிஷனின் பரிந்துரையின் பேரில் அமெரிக்க நீதித்துறை அடோபி மீது வழக்குத் தொடர்ந்தது. குற்றச்சாட்டு இதுதான்: இணையதளத்தில் ஏற்கெனவே டிக் செய்யப்பட்டு நிற்கும் திட்டத்தில் மாதக் கட்டணம் பளிச்சென்று தெரிகிறது, உண்மையில் அது ஓராண்டு ஒப்பந்தம், பணம் மட்டும் மாதாமாதம் எடுக்கப்படும், நடுவில் நிறுத்தினால் மீதி மாதங்களுக்கான தொகையில் பாதியைக் கட்டணமாகக் கட்ட வேண்டும், இந்த விவரம் பொடி எழுத்திலும், அழுத்தினால் மட்டுமே விரியும் குறிப்புகளிலும் ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. இதை அடோபி மறுத்தது. தங்கள் நிபந்தனைகள் வெளிப்படையானவை, ரத்து செய்யும் முறை எளிதானது என்றது.

நம் ஊர்க் கணக்கில் ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். மாதம் 2,000 ரூபாய் என்று பார்த்து ஒரு போட்டோகிராஃபர் சேர்கிறார். முகூர்த்த சீசன் முடிகிறது, வேலை இல்லை. நான்கு மாதம் கட்டியாயிற்று, நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறார். மீதி எட்டு மாதத்துக்கு 16,000 ரூபாய். அதில் பாதி 8,000. நான்கு மாதம் பயன்படுத்தியதற்குக் கட்டியதும் 8,000, பயன்படுத்தாமல் விடுவதற்குக் கட்டுவதும் 8,000. ஆக, அவருடைய நான்கு மாத போட்டோஷாப்பின் உண்மையான விலை மாதம் 4,000. திரையில் அவர் பார்த்த எண்ணோ 2,000. அந்த 2,000-க்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ‘ஓராண்டு கட்டாயம், நடுவில் நிறுத்தினால் மீதியில் பாதி’ என்று போட்டிருந்தால் அவர் சேர்ந்திருப்பாரா? சேர்ந்திருக்கலாம். தெரிந்து சேர்ந்திருப்பார். நான் கேட்பது அவ்வளவுதான்.

கேட்காமலே ஏறிய விலை

ஆன்ட்டிவைரஸ் சாஃப்ட்வேர்களின் கதை இதைவிடப் பழையது. முதல் ஆண்டு பாதி விலைக்குக் கொடுப்பார்கள். ஓராண்டு முடிந்ததும் கார்டிலிருந்து தானாகவே பணம் எடுக்கப்படும்; இந்த முறை முழு விலை. பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தை ஆணையம் 2018 டிசம்பரில் இதை விசாரிக்கத் தொடங்கியது. 2021-ல் மெக்காஃபியும் நார்ட்டனும் அடுத்தடுத்து உறுதிமொழி கொடுத்தன. தானாகப் புதுப்பிக்கப்பட்ட பின் வேண்டாம் என்று வருகிறவர்களுக்குப் பயன்படுத்தாத காலத்துக்கான பணத்தைத் திருப்பித் தருவதாகவும், இரண்டாம் ஆண்டு விலை ஏறும் என்றால் அதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்வதாகவும் ஒப்புக்கொண்டன.

அண்மையில் நடந்தது இதைவிட முக்கியமானது. ஆஸ்திரேலியாவில் மைக்ரோசாஃப்ட் 365 சந்தாதாரர்களுக்கு 2024 அக்டோபர் இறுதியிலிருந்து ஒரு தகவல் போனது. உங்கள் ஆபீஸில் ‘கோபைலட்’ என்ற ஏ.ஐ. உதவியாளரைச் சேர்த்திருக்கிறோம், அடுத்த முறை புதுப்பிக்கும்போது விலை கூடும், வேண்டாம் என்றால் ரத்து செய்யலாம் என்று. தனிநபர் திட்டம் ஆண்டுக்கு 109 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 159 ஆனது. 45 சதவீதத்துக்கும் மேற்பட்ட உயர்வு. குடும்பத் திட்டம் 139-லிருந்து 179.

கூடுதலாகக் கட்டு, இல்லாவிட்டால் கிளம்பு. அந்தத் தகவலைப் படித்தவர்களுக்கு இந்த இரண்டு வழிதான் தெரிந்தது. மூன்றாவது வழி ஒன்று இருந்தது. கோபைலட் இல்லாத பழைய ஆபீஸ், பழைய விலையிலேயே, ‘கிளாசிக்’ என்ற பெயரில் கிடைத்தது. ரத்து செய்யும் பொத்தானை அழுத்தி, உள்ளே போன பிறகுதான் அது கண்ணில் படும் என்று ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் குற்றஞ்சாட்டியது. சுமார் 27 லட்சம் வாடிக்கையாளர்கள் தவறாக வழிநடத்தப்பட்டார்கள் என்று 2025 அக்டோபர் 27 அன்று நீதிமன்றத்துக்குப் போனது. சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் மன்னிப்புக் கேட்டது. கிளாசிக்குக்கு மாற விரும்புகிறவர்களுக்குக் கூடுதலாக வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவதாகக் கடிதம் அனுப்பியது.

யோசித்துப் பார்த்தால் மனம் கசக்கிறது. விலகிப் போகத் துணிந்தவருக்கு மட்டும் நல்ல விலை தெரிகிறது. நம்பி, பேசாமல் பணம் கட்டிக்கொண்டிருந்த விசுவாசமான வாடிக்கையாளரிடம் அது மறைக்கப்படுகிறது. அவர்களில் வயதானவர்களும், கணினி அமைப்புகளுக்குள் புகுந்து பார்க்கத் தயங்குகிறவர்களும் இருப்பார்கள்.

வாங்கியது காணாமல் போகும்போது

‘தி க்ரூ’ என்று ஒரு கார் பந்தய விளையாட்டு. பிரான்ஸின் யூபிசாஃப்ட் நிறுவனம் 2014-ல் வெளியிட்டது. பலர் டிஸ்க்காகவே கடையில் வாங்கி வைத்திருந்தார்கள். அதைத் தனியாக விளையாடினாலும் நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பு இருந்தே ஆக வேண்டும். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். அன்றோடு விளையாட்டு முடிந்தது. முழு விலை கொடுத்து வாங்கிய டிஸ்க் அலமாரியில் இருக்கிறது, போட்டால் ஓடாது.

இதனால் கொதித்தவர்கள் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஐரோப்பிய யூனியனில் சட்டம் கேட்டு அவர்கள் நடத்திய கையெழுத்து முயற்சி 2025 ஜூலையில் 10 லட்சத்தைத் தாண்டியது. விளையாட்டுதானே என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. சர்வரை நம்பி ஓடும் எந்த சாஃப்ட்வேருக்கும் இந்த ஆபத்து உண்டு. கடை பில்லிங், கிளினிக்கின் நோயாளிப் பதிவு, டியூஷன் சென்டரின் வருகைப் பதிவு எல்லாம் இன்று அப்படித்தான் மாறிக்கொண்டிருக்கின்றன.

கலிஃபோர்னியா மாகாணம் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. டிஜிட்டல் பொருளை விற்கும் பக்கத்தில் ‘வாங்குங்கள்’ என்று போட வேண்டுமானால், கிடைப்பது ஓர் உரிமம் மட்டுமே, அது திரும்பப் பெறப்படலாம் என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். ஒருமுறை இறக்கிவைத்துக்கொண்டால் இணையம் இல்லாமல் நிரந்தரமாக ஓடும் பொருளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. உலகின் பெரிய விளையாட்டுக் கடையான ‘ஸ்டீம்’, சட்டம் அமலாகும் முன்பே பணம் கட்டும் பக்கத்தில் அந்த அறிவிப்பைப் போட்டுவிட்டது. இதனால் அதன் வியாபாரம் படுத்துவிடவில்லை. உண்மையைச் சொன்னால் விற்பனை கெடும் என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் கடைத்தெருவில்

எனக்குத் தெரிந்த ஒருவர் தென்காசிப் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். பெயின்ட், பைப், சிமென்ட் என்று ஆயிரக்கணக்கில் ஐட்டங்கள். பில் போட ஒரு சாஃப்ட்வேர் வாங்கியிருந்தார். விற்ற பையன் ‘ஒன் டைம் பேமென்ட் அண்ணாச்சி, அப்புறம் ஒரு ரூபா கேக்க மாட்டோம்’ என்றுதான் விற்றான். 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. சிமென்ட்டுக்கு 28 சதவீதம் என்பது 18 ஆனது. வேறு பல சரக்குகளும் அடுக்கு மாறின. ஒவ்வொரு ஐட்டமாகத் திறந்து வரியைத் திருத்த வேண்டியிருந்தது. மொத்தமாக மாற்றும் வசதி புது வெர்ஷனில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு போன் போட்டார்.

“அண்ணாச்சி, நீங்க வருசாந்தரப் பராமரிப்பு, அதான் ஏ.எம்.சி., போடலையே. விட்டுப்போன ரெண்டு வருசத்துக்கும் சேத்துக் கட்டினாத்தான் அப்டேட் வரும்.”

“ஒன் டைம்னுதானய்யா சொன்ன?”

“அது சாஃப்ட்வேருக்கு அண்ணாச்சி. அப்டேட் சர்வீஸ்ல வரும்.”

வியாபாரத்தை நிறுத்திவைக்க முடியுமா? கட்டினார். இரண்டாவது கவுன்ட்டர் போட்டபோது அதற்குத் தனி லைசென்ஸ் என்றார்கள். ஹார்டு டிஸ்க் பழுதாகிக் கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்தபோது, கீயை மறுபடி ஏற்றித் தர ஒரு தொகை. அவர் படித்த விளம்பர நோட்டீஸில் இருந்தது ஒரே ஒரு விலை. அதன் பக்கத்தில் ‘+ ஜி.எஸ்.டி.’ என்று இருந்ததையும் பில் வந்த பிறகுதான் கவனித்தார். சாஃப்ட்வேருக்கு 18 சதவீத வரி. 10,000 ரூபாய் என்று விளம்பரம் செய்தால் கையிலிருந்து போவது 11,800.

விற்கிறவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வரி மாறும், இ-இன்வாய்ஸ் விதிகள் மாறும், விண்டோஸ் மாறும். ஒவ்வொன்றுக்கும் புரோகிராமருக்குச் சம்பளம் கொடுத்து சாஃப்ட்வேரைத் திருத்த வேண்டும். ஒருமுறை வாங்கிய பணத்தை வைத்துக்கொண்டு காலமெல்லாம் அதைச் செய்ய யாராலும் முடியாது. கேட்டு வாங்குங்கள், தவறில்லை. அதை விற்கும்போதே சொல்லுங்கள் என்பதுதான் கோரிக்கை. இதைச் சொல்லி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். கடைக்காரர்களுக்கு நன்கு தெரிந்த டேலியில், நிரந்தர உரிமத்துக்கு ஒரு விலை. புதிய பதிப்புகளும் இணைய வசதிகளும் வேண்டுமானால் டி.எஸ்.எஸ். என்ற ஆண்டுச் சந்தா தனி. முதல் ஆண்டு அது உரிமத்தோடு சேர்ந்து வரும். விலை குறைவா கூடுதலா என்பது வேறு விவாதம். இரண்டு கணக்குகளும் தனித்தனியே பெயரிட்டு வைக்கப்பட்டிருப்பதால், வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வியாவது அவருக்குத் தெரிகிறது.

சட்டம் இருக்கிறது, எட்டாத இடமும் இருக்கிறது

இந்தியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். 2022-ல் வந்த விளம்பர வழிகாட்டு நெறிகள், பொடி எழுத்து விளக்கத்துக்கே விதி வைக்கின்றன. விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், சொல்லும் செய்தியின் அதே எழுத்துருவில், கண்ணில் படும்படி விளக்கம் இருக்க வேண்டும். தமிழில் ‘இலவசம்’ என்று போட்டுவிட்டு ஆங்கிலத்தில் நிபந்தனை போடுவது இதன்படி செல்லாது.

2023 நவம்பர் 30 அன்று வந்த வழிகாட்டு நெறிகள் இன்னும் நேரடியானவை. இணையத்தில் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 தந்திரங்களை அவை பெயர் சொல்லித் தடை செய்கின்றன. சந்தாப் பொறி, துளித்துளியாக ஏற்றும் விலை, சாஃப்ட்வேர் சந்தாவில் சத்தமில்லாமல் பணம் எடுப்பது ஆகிய மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. துளித்துளி விலைக்கு அவர்கள் கொடுத்திருக்கும் விளக்கம் சாதாரண மனிதருக்கும் புரியும். இலவசமாகச் செஸ் விளையாடலாம் என்று விளம்பரம் செய்த ஆப், ஏழு நாள் கழித்துப் பணம் கேட்கிறது. இலவசம் ஏழு நாளைக்குத்தான் என்பதை இறக்கும்போது சொல்லவில்லை. அது விதிமீறல்.

ரிசர்வ் வங்கி செய்தது இவற்றைவிடப் பயன்பட்டது என்பது என் எண்ணம். 2021 அக்டோபர் 1 முதல், கார்டிலிருந்து தானாகப் போகும் சந்தாவுக்கு, பணம் எடுக்கப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் வந்தாக வேண்டும். வேண்டாம் என்றால் அங்கேயே நிறுத்தலாம். குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் ஓ.டி.பி. போன்ற கூடுதல் ஒப்புதலும் தேவை. அப்போது 5,000 ரூபாயாக இருந்த அந்த வரம்பு 2022-ல் 15,000 ஆனது. நம் மொபைலுக்கு வரும் ‘நாளை உங்கள் கணக்கிலிருந்து இவ்வளவு எடுக்கப்படும்’ என்ற அந்த எஸ்.எம்.எஸ். எத்தனையோ நாடுகளின் வாடிக்கையாளர்களுக்குக் கிடைக்காத பாதுகாப்பு. அதைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

இவ்வளவும் இருந்தும் தென்காசிக் கடைக்காரர் மாட்டிக்கொள்கிறார். வியாபார நோக்கத்துக்காகப் பொருள் வாங்குகிறவர் நுகர்வோர் அல்ல என்று சட்டத்தின் 2(7)-ஆம் பிரிவு சொல்கிறது. சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கியிருந்தால் விலக்கு உண்டு. ஒருவர் தனியாக நடத்தும் கடை அந்த விலக்குக்குள் வரும் என்று வாதிடலாம். ஏழெட்டு ஆட்களை வைத்து நடத்தும் கடை வருமா என்பதை ஒவ்வொரு வழக்கிலும் அதை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. சாஃப்ட்வேர் விளம்பரத்தால் அதிகம் அடிபடுகிறவர்கள் இந்தச் சிறு வியாபாரிகள். சட்டத்தின் குடை அவர்கள் தலைக்கு மேல் வந்து பாதியில் நிற்கிறது.

இன்னொரு குறை, சாஃப்ட்வேருக்கென்று கட்டாய விவரப் பட்டியல் இல்லாதது. குவிக் ஹீல் என்ற ஆன்ட்டிவைரஸ் நிறுவனத்தின் வழக்கில் 2022 ஆகஸ்ட் 5 அன்று உச்ச நீதிமன்றம், உரிமச் சாவியோடு சி.டி.யாக விற்கப்படும் ஆன்ட்டிவைரஸ் ஒரு பொருள்தான், அதற்கு சேவை வரி கிடையாது என்று தீர்ப்பளித்தது. அது வரி வழக்கு. ஆனால் அதிலிருந்து ஒரு கேள்வி எழுகிறது. கடையில் பெட்டியாக விற்கும்போது பொருள் என்று ஏற்றுக்கொண்டு அதன் மேல் விலையும் விவரமும் அச்சடிக்கச் சொல்கிறோம். அதே ஆன்ட்டிவைரஸை இணையத்தில் இறக்கினால் அந்த விவரங்கள் ஏன் வேண்டாம்?

மத்திய ஆணையம் 2022-ன் விளம்பர நெறிகளில் ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும். சாஃப்ட்வேரின் விலையை எங்கே சொன்னாலும், அதே அளவு எழுத்தில், அதே மொழியில் இவையும் இருக்க வேண்டும்: வரியோடு சேர்ந்த மொத்தத் தொகை, எத்தனை மெஷினுக்கு, அப்டேட் எந்தத் தேதி வரை, இரண்டாம் ஆண்டு கட்ட வேண்டியது எவ்வளவு, நடுவில் நிறுத்தினால் எவ்வளவு, நிறுத்திய பிறகு நம் தகவல்களை எடுத்துக்கொள்ள முடியுமா. ஒரு போஸ்ட் கார்டில் அடங்கும் விவரங்கள். நாளிதழின் முழுப் பக்கத்தை விலைக்கு வாங்குகிறவர்களுக்கு இதற்கு இடம் போதாது என்றால் அதை ஏற்க முடியாது. மின்வணிக நிறுவனங்களுக்கு 2020-ன் விதிகள் ஏற்கெனவே எல்லாக் கட்டணமும் வரியும் சேர்ந்த மொத்த விலையை ஒரே எண்ணாகக் காட்டச் சொல்கின்றன. அடுத்த அடியை எடுத்துவைப்பது பெரிய வேலை இல்லை. 2025 ஜூனில் எல்லா மின்வணிகத் தளங்களும் மூன்று மாதத்துக்குள் தங்களைத் தாங்களே தணிக்கை செய்துகொள்ள வேண்டும் என்று ஆணையம் அறிவுறுத்தியது. சுய தணிக்கையோடு நின்றுவிடாமல், சாஃப்ட்வேர் விற்கும் பக்கங்களை ஆணையமே திறந்து பார்க்க வேண்டும்.

அதுவரை வாங்குகிறவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மேலே சொன்ன கேள்விகளைப் பணம் கட்டும் முன் விற்கிறவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விளம்பரத்தையும் பணம் கட்டும் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். ஒரு மாதம் கழித்துப் போனால் அந்தப் பக்கம் மாறியிருக்கலாம். தகராறு வந்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்ற நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் வெளிநாட்டில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.